டிஃபால்ட்டாக நல்லவர்கள்

திருப்பூரில் தப்பு செய்கிற பனியன் கம்பெனி ஒன்றுகூடக் கிடையாது. நம்பாதவர்கள், வெளிநாட்டு பையரின் ஆடிட்டுக்காக வைத்திருக்கும் ஃபைலைப் பார்க்கலாம். குழந்தைத் தொழிலாளர் இல்லை. கட்டாய ஓவர்டைம் இல்லை. சாதி, மதப் பாகுபாடு இல்லை. பெண்களைத் தொந்தரவு செய்பவர் இல்லவே இல்லை. ஒருவேளை முளைத்தால் விசாரிக்கக் குழு இருக்கிறது, குழுவில் இருப்பதே தெரியாத உறுப்பினர்களின் கையெழுத்தோடு. அவிநாசி ரோட்டுக் கம்பெனியின் கொள்கையும் பல்லடம் ரோட்டுக் கம்பெனியின் கொள்கையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். கொள்கையில் இவ்வளவு ஒற்றுமை நம் கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கு நடுவில்கூடக் கிடையாது.

அதிசயம் ஒன்றுமில்லை. எழுதியவர் ஒரே கன்சல்டன்ட். ஒரு ஃபைல், பல கம்பெனிகள். பெயர் வரும் இடத்தில் மட்டும் பெயர் மாறும். அவசரத்தில் அதுவும் மாறாமல், உள்பக்கம் ஒன்றில் பழைய கம்பெனியின் பெயர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. ஆடிட்டர் அந்தப் பக்கம்வரை போவதில்லை. மாலையில் அவருக்கு இன்னொரு கம்பெனி இருக்கிறது. அங்கேயும் இதே ஃபைல்தான் காத்திருக்கிறது.

வருடத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இது. துணியின் எடை 180 ஜிஎஸ்எம் என்றால் 180 இருக்க வேண்டும். கழுத்து ரிப் கொஞ்சம் விலகினால் லாட் முழுக்க ரிஜெக்ட். சாயம் ஒரு ஷேடு மங்கினால் சீமையிலிருந்து மெயில் பறந்து வரும். துணி விஷயத்தில் பையரின் கண் பருந்துக் கண். அந்தத் துணியைத் தைத்தவள் விஷயத்தில் மட்டும் டாலரன்ஸ் தாராளம்.

ஒரே ஃபைலை ஊர் முழுக்க ஓட்டும் இந்த வித்தைக்குக் கம்ப்யூட்டர்க்காரர்களிடம் முறையான பெயர் இருக்கிறது. டிஃபால்ட் இம்ப்ளிமென்டேஷன். நம் ஊர்ப் பிள்ளைகள் கோயம்புத்தூர் கல்லூரிகளில் லட்சக்கணக்கில் பணம் கட்டி இதைப் படிக்கிறார்கள். அப்பாவின் கம்பெனி ஆபீஸில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் ஓசியிலேயே கற்றிருக்கலாம்.

விஷயம் இதுதான். நிரல்மொழியில் புரோட்டோகால் என்று ஒன்று உண்டு. ஜாவாக்காரர்கள் இன்டர்ஃபேஸ் என்பார்கள். அது ஒரு நிபந்தனைப் பட்டியல். 'இந்தப் பெயரைச் சூடிக்கொள்ள வேண்டுமானால் இன்னின்ன வேலைகளை நீ செய்தாக வேண்டும்' என்று சொல்லும். எப்படிச் செய்வது என்று சொல்லாது. ஒவ்வொருவரும் தன் வேலையைத் தானே எழுத வேண்டும். ஒன்று விடுபட்டாலும் கம்பைலர் என்கிற காவல்காரர் உள்ளே விடமாட்டார். 1996-ல் ஜாவா வெளியானபோது இப்படித்தான் இருந்தது. பட்டியலுக்குள் செய்முறையை எழுதவே முடியாது.

பதினெட்டு வருடம் தாக்குப்பிடித்தார்கள். உலகம் முழுக்க எண்ணற்ற நிரல்கள் பழைய பட்டியல்களை நம்பி எழுதப்பட்டிருந்தன. பட்டியலில் புதிதாக ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் மறுநாள் அத்தனையும் கம்பைல் ஆகாமல் படுத்துவிடும். அதனால் 2014 மார்ச்சில், ஜாவா 8-ல், ஒரு வழி கண்டார்கள். புது நிபந்தனையோடு அதற்கான செய்முறையையும் பட்டியலிலேயே எழுதிவிடுவது. நீ எழுதினால் உன்னுடையது ஓடும். எழுதாவிட்டால் நான் எழுதியது ஓடும். அடுத்த வருடம் ஆப்பிள் தன் ஸ்விஃப்ட் மொழியில் புரோட்டோகால் எக்ஸ்டென்ஷன் கொண்டுவந்தது. அது இன்னும் ஒரு படி மேலே. எவரோ எங்கோ எழுதிய பட்டியலுக்கும் வெளியிலிருந்து செய்முறையை ஒட்டலாம். ஆப்பிளின் டேவ் ஆப்ரகாம்ஸ் 2015 மாநாட்டில் இதை மேடையேற்றியபோது நிரலாளர் உலகமே கைதட்டியது. 2019-ல் மைக்ரோசாஃப்ட்டின் சி ஷார்ப்பும் வரிசையில் சேர்ந்துகொண்டது.

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நம் நாட்டில் எந்தத் திட்டம்தான் கெட்ட எண்ணத்தோடு தொடங்கியது?

ஆனால் ஒரு விளைவு உண்டு. ஒரு நிரலாளர் ராத்திரி முழுக்க விழித்து ஒவ்வொரு நிபந்தனைக்கும் தன் கையால் எழுதுகிறார். இன்னொருவர் எழுதுவது ஒரே வரி: 'இந்தப் புரோட்டோகாலுக்கு நான் கட்டுப்படுகிறேன்.' அதன் கீழே வெற்று அடைப்புக்குறி. எல்லாவற்றுக்கும் டிஃபால்ட் இருந்துவிட்டால் கம்பைலர் இரண்டு பேருக்கும் பாஸ் போடும். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டு பேரும் ஒரே தரம்.

திருப்பூரில் கணக்கை நேராக வைத்திருக்கும் முதலாளிகள் உண்டு. பிஎஃப், இஎஸ்ஐ ஒழுங்காகக் கட்டுகிறார்கள். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி கொடுக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் சான்றிதழும் வெற்று அடைப்புக்குறிக்காரருக்குக் கிடைக்கும் சான்றிதழும் ஒரே தாள், ஒரே முத்திரை. விலை சொல்லும் நேரத்தில் மட்டும் அடைப்புக்குறிக்காரர் பீஸுக்குச் சில ரூபாய் குறைத்துச் சொல்கிறார். ஆர்டர் யாருக்குப் போகும் என்று கேட்பவர் ஊருக்குப் புதியவர்.

சட்டத்திலும் டிஃபால்ட் உண்டு. 1946-ல் வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு சட்டம் வந்தது. நிலையாணைச் சட்டம். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் வேலை நேரம், விடுப்பு, தண்டனை, வேலைநீக்கம் எல்லாவற்றுக்கும் எழுத்தில் விதி இருக்க வேண்டும். முதலாளி வரைவு எழுதுவார். அதிகாரி அதைத் தொழிற்சங்கத்துக்கு அனுப்புவார். ஆட்சேபணை கேட்டு, திருத்தி, சான்று தருவார். முதலாளி எழுதாமல் இழுத்தடித்தால்? பின்னாளில் சேர்த்த 12-ஏ பிரிவு சொன்னது: அதுவரை அரசின் மாதிரி நிலையாணை அந்த ஆலைக்குப் பொருந்தும். இது நல்ல டிஃபால்ட். சோம்பேறி முதலாளியின் தலையில் குட்டி, தொழிலாளிக்குக் குடை பிடித்த டிஃபால்ட்.

இதை நம் ஆட்சியாளர்கள் சீர்திருத்தினார்கள். 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் 100 என்பது 300 ஆனது. முந்நூறு பேருக்கு மேல் இருந்தாலும் கவலையில்லை. மத்திய அரசின் மாதிரி நிலையாணையை அப்படியே எடுத்துக்கொண்டேன் என்று முதலாளி தகவல் அனுப்பினால், சான்று பெற்றதாகவே கருதப்படும். அதிகாரிக்கு ஏதாவது தோன்றினால் திருத்தச் சொல்லலாம். தோன்றினால். எந்த அதிகாரிக்கு எப்போது தோன்றியிருக்கிறது?

குடை அதேதான். பிடித்த கை மாறிவிட்டது. முன்பு முதலாளி தப்பிக்காமல் இருக்க இருந்த டிஃபால்ட், இப்போது முதலாளி தொழிற்சங்கத்தின் முகத்தைப் பார்க்காமல் இருக்க உதவுகிறது. முந்நூறுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த டிஃபால்ட்டும் கிடையாது. திருப்பூர் எப்படிப்பட்ட ஊர்? பெரிய கம்பெனி ஆர்டர் எடுக்கும். கட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், காஜா பட்டன் ஓரிடம், செக்கிங் ஓரிடம். சந்துக்குச் சந்து ஜாப் ஒர்க். இருபது மெஷின் போட்ட பவர் டேபிள். அங்கே நிலையாணை என்பது சூப்பர்வைசரின் வாய். அவர் 'நாளைக்கு வராதே' என்றால் அதுதான் வேலைநீக்க நடைமுறை, விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு எல்லாம்.

இனி வருவது ஸ்விஃப்ட் மொழியின் ஒரு பொறி. நிதானமாகப் படியுங்கள், நம் ஊர் முழுக்க இதற்குள் அடங்கியிருக்கிறது.

ஒரு நிபந்தனையைப் பட்டியலில் முறையாகச் சேர்க்காமல், எக்ஸ்டென்ஷனில் மட்டும் அதற்கு ஒரு செய்முறையை எழுதி வைக்கலாம். கட்டுப்படுகிற ஆள் அதே பெயரில் தன் சொந்தச் செய்முறையையும் எழுதிக்கொள்ளலாம். இப்போது கூப்பிட்டால் எது ஓடும்? யார் எந்தப் பெயரில் கூப்பிடுகிறார் என்பதைப் பொறுத்தது. 'புரோட்டோகால்' என்று கூப்பிட்டால் டிஃபால்ட் ஓடும். ஆளின் சொந்தப் பெயரில் கூப்பிட்டால் அவர் எழுதியது ஓடும். ஆள் ஒருவரே. கேள்வி ஒன்றே. பதில் இரண்டு. கம்பைலர் வாயைத் திறக்காது. ஸ்விஃப்ட் கற்பவர்கள் இந்த இடத்தில் திகைத்து நிற்பார்கள்.

திருப்பூர் அக்கவுன்டன்ட் திகைக்க மாட்டார். அவர் பல வருடங்களாக இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். வருகைப் பதிவேடு இரண்டு. கூலிப் பட்டியல் இரண்டு. வேலை நேரம் என்ன? பையர் கேட்டால் காலை 8.30 முதல் மாலை 5.30. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அக்காவைக் கேட்டால் ஒன்றரை ஷிப்ட், ராத்திரி 8.30 வரை. ஷிப்மென்ட் வாரம் என்றால் விடியும்வரை. ஓவர்டைம் கூலி? சட்டத்தில் இரட்டிப்பு. ஆடிட் ஃபைலில் இரட்டிப்பு. சனிக்கிழமை கவரில் ஒற்றை. ஞாயிறு? ஃபைலில் விடுமுறை. சந்தில் மெஷின் சத்தம்.

ஆடிட் நாளில் ஊரே பார்க்க அழகாக இருக்கும். முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வந்திருக்கும். தீயணைப்பான் மீது புதுத் தேதி ஒட்டியிருக்கும். மெஷினில் ஊசிக்குக் காப்பு மாட்டியிருக்கும். கட்டிங் டேபிளில் நிற்பவர் கையில் இரும்பு உறை. அதை மாட்டிக்கொண்டு துணி வெட்டிப் பழக்கம் இல்லாததால் பாவம், அன்றைக்கு மட்டும் உற்பத்தி குறையும். மாடிப்படியில் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகள் எங்கேயோ புனித யாத்திரை போயிருக்கும். வயது சந்தேகத்துக்குரிய பிள்ளைகளுக்கு லீவு. கழிப்பறையில் சோப்பு. சோப்பைப் பார்த்தே 'இன்றைக்கு ஆடிட்' என்று தெரிந்துகொள்ளும் தொழிலாளிகள் இருக்கிறார்கள்.

பிறகு நேர்காணல்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்மா வேலை?"

"எட்டு மணி நேரம்ங்க சார்."

"ஞாயித்துக்கிழமை?"

"லீவுங்க சார்."

"யாராவது திட்டுறாங்களா?"

"இல்லைங்க சார். நல்லா பாத்துக்கறாங்க."

இந்தப் பதில்களை அவள் எழுதவில்லை. முந்தின நாள் சாயங்காலம் வந்த டிஃபால்ட். அவளைப் பொய்க்காரி என்று சொல்லிவிடாதீர்கள். உண்மையைச் சொன்னால் கம்பெனியின் ஆர்டர் கைவிட்டுப் போகும். ஆர்டர் போனால் முதலில் போவது அவள் வேலை. உண்மை பேசுகிறவளுக்குத் தண்டனையும் பொய் பேசுகிறவளுக்குக் கூலியும் தருகிற ஏற்பாட்டுக்குச் 'சமூகப் பொறுப்புத் தணிக்கை' என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்குத் தமிழக அரசு கலைமாமணி கொடுக்கலாம். அந்தத் தணிக்கைக்குப் பெரும்பாலும் பணம் கட்டுபவரும் தணிக்கைக்கு உள்ளாகிற கம்பெனிதான். பரீட்சை எழுதுகிறவனே வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கிற பள்ளிக்கூடத்தில் ஃபெயில் என்கிற சொல் ஏன் இருக்கப்போகிறது?

சிரித்தது போதும். 2012 செப்டம்பர் 11. கராச்சி, பால்டியா டவுன். அலி என்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடை ஆலை எரிந்தது. 250 பேருக்கு மேல் செத்தார்கள். ஜன்னல்களில் கம்பி. கதவுகளில் பூட்டு. சில வாரங்களுக்கு முன்னால்தான் அந்த ஆலைக்கு எஸ்ஏ 8000 என்ற சர்வதேசச் சான்று கிடைத்திருந்தது. தீயை யார் வைத்தது என்பது தனி வழக்கு. பூட்டியிருந்த கதவு எப்படிப் பாஸ் ஆனது என்பதுதான் நம் கேள்வி. அடுத்த வருடம், 2013 ஏப்ரல் 24. டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா. எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. செத்தவர்கள் 1,134 பேர். அந்தக் கட்டடத்துக்குள் இருந்த ஆலைகளில் இரண்டு, ஐரோப்பிய நெறிமுறைப்படி ஏற்கெனவே தணிக்கையாகியிருந்தன. கட்டடம் விழுந்த பிறகு விளக்கம் வந்தது: கட்டடத்தின் உறுதியைச் சோதிப்பது சமூகத் தணிக்கையின் வேலை இல்லை. சரிதான். பட்டியலில் இல்லாததைக் கேட்கக் கூடாது. முந்தின நாள் சுவரில் விரிசலைப் பார்த்து மிரண்டு வெளியே ஓடி வந்த தொழிலாளிகளிடம் பட்டியல் இல்லை. கண் இருந்தது. மறுநாள் காலை அவர்களை உள்ளே அனுப்பினார்கள்.

நம் ஊரில் கட்டடம் விழவில்லை. நம் ஊரில் விழுந்தது ஆறு.

அது எப்படி விழுந்தது என்பதைச் சொல்ல ஹாஸ்கெல் என்ற நிரல்மொழி வேண்டும். அதில் சமம், சமமில்லை என்று இரண்டு நிபந்தனைகள் உண்டு. 'சமம்' என்றால் என்ன? 'சமமில்லை'யின் எதிர்ப்பதம். 'சமமில்லை' என்றால்? 'சமம்' என்பதன் எதிர்ப்பதம். இரண்டுக்கும் டிஃபால்ட் இப்படித்தான் எழுதியிருக்கிறது. இரண்டில் ஒன்றை நீ எழுதினால் போதும், மற்றது தானாக வரும் என்ற நல்லெண்ணம். ஒருவர் இரண்டையும் எழுதாமல் விட்டால்? கம்பைல் ஆகும். ஓடும். இது அதைக் கேட்கும், அது இதைக் கேட்கும். மின்சாரம் நிற்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும்.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கழிவுநீரைச் சுத்திகரிப்பது யார்? சாயப்பட்டறை சொன்னது: பொதுச் சுத்திகரிப்பு நிலையம். பொது நிலையம் சொன்னது: பட்டறைகள் அளவோடு அனுப்பினால்தானே. கண்காணிப்பது யார்? மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது: நோட்டீஸ் அனுப்பிவிட்டோம். அரசு சொன்னது: வாரியம் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொருவருக்கும் அடுத்தவர்தான் டிஃபால்ட். ஒருவரும் எழுதவில்லை. கீழே ஆறு கலர் கலராக ஓடியது. அந்த வருடம் உலகம் எந்த நிறம் உடுத்தப்போகிறது என்று தெரிந்துகொள்ளப் பாரிஸுக்குப் போக வேண்டியதில்லை, நொய்யல் பாலத்தில் நின்றால் போதும் என்று ஊரில் கேலி பேசினார்கள்.

1990-களின் தொடக்கத்தில் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி முடித்தார்கள். பாசனத்துக்கு. அணையில் தேங்கியது சாயக்கழிவு. அணையைத் திறந்தால் பயிர் கருகியது. தண்ணீர் கேட்டுப் போராடுகிற விவசாயியைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. அணையில் தண்ணீரைத் தேக்காதே என்று கெஞ்சுகிற விவசாயியை உருவாக்கிய பெருமை நம்முடையது.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பர் 22-ல் சென்னை உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. 2007 ஜூலை 31-க்குள் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத நிலை வர வேண்டும். அதுவரை லிட்டருக்கு 6 காசு அபராதம். பிறகு 8 காசு. பிறகு 10 காசு. நீதிமன்றம் கெடுவை நெருக்கத்தான் காசை ஏற்றியது. நாமோ ஆற்றுக்கு மீட்டர் பொருத்தியதாகப் புரிந்துகொண்டோம். கெடு வந்தது, போனது. மேல்முறையீட்டில் 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் கொடுத்தது. அதுவும் வந்தது, போனது. 2011 ஜனவரி 28-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மொத்தமாக இழுத்து மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள். அன்றைக்குத்தான் எல்லோருக்கும் ஞானம் பிறந்தது. 'லட்சக்கணக்கான தொழிலாளர்களின் வாழ்வு என்னாவது?' என்று முதலாளிகள் கண்ணீர் விட்டார்கள். சனிக்கிழமை கவர் கொடுக்கும்போது வராத கண்ணீர்.

சுழன்றுகொண்டிருந்த நிரலை நிறுத்த வெளியிலிருந்து ஒருவர் பிளக்கைப் பிடுங்க வேண்டியிருந்தது. அதன் பிறகு சுத்திகரிப்பு உண்மையிலேயே நடந்தது. கழிவுநீரைத் திரும்பப் பயன்படுத்துவதில் திருப்பூர் மற்ற ஊர்களுக்குப் பாடம் என்கிறார்கள். இருக்கலாம். சுத்திகரித்தபின் மிஞ்சுகிற கலவை உப்பை என்ன செய்வது என்பதற்கு மட்டும் பாடத்தில் பதில் இல்லை. கனமழை பெய்கிற நாளில் ஆற்றில் எப்படியோ நுரை பொங்குவதற்கும் பதில் இல்லை. ஹாஸ்கெல்காரர்கள் 2014-லேயே தங்கள் கம்பைலருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்: குறைந்தபட்சம் இதையாவது எழுதாதவனை எச்சரி என்று. அவர்களிடம் ஆறு இல்லை. இருந்தும் அக்கறை இருந்தது.

இடையில் ஒரு சின்னச் சமாச்சாரம். ஸ்விஃப்ட்டில் நீங்கள் எழுதிய செய்முறையின் பெயரில் ஒரு எழுத்து பிசகினால், உங்களுடையதை ஓரங்கட்டிவிட்டு டிஃபால்ட் ஓடும். பிழை என்று யாரும் தடுக்க மாட்டார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து திருப்பூரில் தைக்கிற பையன்களைக் கேளுங்கள். ஆதாரில் ஒரு எழுத்து, பிஎஃப் கணக்கில் இன்னொரு எழுத்து. மாதாமாதம் பிடித்தபோது எழுத்துப் பிழை தடையாக இல்லை. பணத்தைத் திரும்பக் கேட்கும்போது டிஃபால்ட் ஓடுகிறது: நிராகரிக்கப்பட்டது.

இனி பெரிய மனிதர்களிடம் வருவோம். ஃபைலை ஜோடிக்கிற முதலாளியைத் திட்டுவது சுலபம். அவருக்கு மேலே இருப்பவர் தாளில் கையை அழுக்காக்கிக்கொள்வதில்லை.

ஜாவாவில் ஒரு விதி உண்டு. இரண்டு பட்டியல்கள் ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு டிஃபால்ட் கொடுத்து, ஒருவர் இரண்டுக்கும் கட்டுப்படுவதாகச் சொன்னால், கம்பைலர் அங்கேயே நிற்கும். ஒரு அடி நகராது. எது வேண்டும் என்று நீயே எழுது என்று சொல்லிவிடும். முரண்பாட்டை மூடி மறைக்க அதற்குத் தெரியாது. மெஷின்தானே.

வெளிநாட்டு பிராண்டுக்கு இரண்டு துறை. ஒன்று நெறிமுறைத் துறை. 'வாரத்துக்கு இத்தனை மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, கண்ணியமான ஊதியம் கொடு' என்று அச்சிட்ட புத்தகம் அனுப்பும். இன்னொன்று கொள்முதல் துறை. 'போன சீசன் விலையைவிடக் குறைத்துக் கொடு, ஷிப்மென்ட் தேதியை முன்னால் தள்ளு, சாம்பிள் அப்ரூவலை நாங்கள் தாமதமாகத் தந்தாலும் தேதி மாறாது' என்று மெயில் அனுப்பும். இரண்டும் ஒரே நாளில், ஒரே இன்பாக்ஸுக்கு வரும். இரண்டுக்கும் கட்டுப்படுவதாகக் கம்பெனி கையெழுத்துப் போடும். ஜாவாவில் இது கம்பைல் ஆகாது. திருப்பூரில் ஆகும். எப்படி? முரண்பாட்டைத் தாங்குகிற இடம் ஒன்று இருக்கிறது. தையல்காரியின் முதுகு.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது என்ன நடந்தது? சுமையைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று தள்ளுபடி கேட்டு மெயில் வந்தது. நெறிமுறைப் புத்தகத்தில் ஒரு வரியாவது தள்ளுபடி ஆனதா? ஆகவில்லை. அது அப்படியே பளபளப்பாக இணையதளத்தில் இருக்கிறது, சிரிக்கிற பெண்ணின் படத்தோடு. விலை குறைந்தது, தேதி குறைந்தது, நெறிமுறை குறையவில்லை. இந்தக் கணக்கு எப்படிச் சரியாகும் என்று கேட்கத் தெரியாதவர்களா எம்பிஏ படித்துவிட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? தெரியும். தெரிந்துதான் இரண்டு துறையையும் இரண்டு மாடியில் வைத்திருக்கிறார்கள்.

நிரல்மொழிகளை வடிவமைப்பவர்கள் இத்தனை வருட அடிதடிக்குப் பிறகு வந்து சேர்ந்த இடம் எளிமையானது. எது தவறினால் ஆபத்தோ அதற்கு டிஃபால்ட் கொடுக்காதே. அதை ஒவ்வொருவனும் தன் கையால் எழுதட்டும்; எழுதாதவனை உள்ளே விடாதே. வசதிக்காக இருப்பவற்றுக்கு மட்டும் டிஃபால்ட் கொடு. ரஸ்ட் மொழியின் ஆவணங்களில் இரண்டையும் தனித்தனித் தலைப்பிலேயே போடுகிறார்கள்: கட்டாயம் எழுத வேண்டியவை, தயாராகக் கிடைப்பவை. ஒரு செல்போன் செயலி நின்றுவிடக் கூடாதே என்பதற்காக இவ்வளவு கவலை.

ஆடைத் தொழிலில் டிஃபால்ட் இல்லாத பட்டியல் எழுதவே முடியாதா? எழுதியிருக்கிறார்கள், நமக்குப் பக்கத்திலேயே. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம், ஆடை ஆலையில் வேலை பார்த்த ஒரு இளம் தலித் பெண் கொல்லப்பட்டாள். மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அந்தத் தொழிலில் தணிக்கைகளுக்குக் குறைவில்லை, சான்றிதழ்களுக்கும் குறைவில்லை. தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்ற, தலித் பெண்கள் தலைமை தாங்கும் சங்கம் விடவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. திருப்பூரைச் சேர்ந்த ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கையெழுத்துப் போட்டது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் என்ற மூன்று பிராண்டுகளும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. தையல் லைனில் கூட வேலை பார்க்கும் பெண்களே கண்காணிப்பாளர்கள். ஆலை நிறைவேற்றாவிட்டால் பிராண்டு ஆர்டரைக் குறைக்க வேண்டும். அது விருப்பம் இல்லை, கட்டாயம். கன்சல்டன்ட் பெயரை மாற்றிப் பிரிண்ட் எடுக்க அதில் ஒரு பக்கமும் இல்லை.

மூன்று பிராண்டுகள். திருப்பூரில் துணி வாங்குகிற பிராண்டுகளின் பெயரை எழுத இந்தப் பத்திரிகையின் பக்கங்கள் போதாது. மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள். எங்களுக்கென்று சொந்த நெறிமுறை இருக்கிறது என்பார்கள். தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிட்டு கேட் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறோம் என்பார்கள். உண்மைதான், ஒட்டியிருக்கிறது. திண்டுக்கல் ஒப்பந்தத்தில் அந்த மூன்று கையெழுத்துகள் விழ ஒரு உயிர் ஆனது. நாலாவது கையெழுத்துக்கு என்ன ஆகும் என்று கொட்டேஷன் கேட்டு எந்தப் பையரிடமிருந்தும் இதுவரை மெயில் வரவில்லை.